மூன்று விரல் அகலம்: தேயிலை மலைகளும் புற்றுநோயை முந்திப் பார்க்கும் இயந்திரமும்

சுவீடனில் 2021 இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 105,934 பெண்களின் மார்பக எக்ஸ்கதிர்ப் படங்களை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேரின் படங்களை வழமைபோல இரண்டு கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியே பார்த்தார்கள். மற்றப் பாதியில் முதலில் ஒரு கணினி நிரல் படத்தைப் பார்த்து ஆபத்துக்குப் புள்ளி போட்டது. புள்ளி குறைவென்றால் ஒரு நிபுணர், கூடுதலென்றால் இருவர். நிரல் துணைநின்ற பக்கத்தில் 1000 பேருக்கு 6.4 புற்றுநோய்கள் அகப்பட்டன, மற்றப் பக்கத்தில் 5. நிபுணர்கள் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. ஜேர்மனியில் 463,094 பெண்களைச் சேர்த்து நடந்த இன்னோர் ஆய்வின் முடிவு 2025 ஜனவரியில் வந்தது. அங்கும் நிரலின் துணையோடு பார்த்த வைத்தியர்கள் 17.6 சதவீதம் கூடுதலாகப் புற்றுநோய்களைக் கண்டார்கள்.

எனக்கு இந்த எண்கள் உண்மையான மகிழ்ச்சியைத் தருகின்றன. ஆனால் இலங்கை மலையகத்தின் டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ கொழுந்து பறிக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இவற்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் முதல் தடங்கல் உடனே முன்னால் வந்து நிற்கிறது. இயந்திரம் படிக்க வேண்டிய படத்தை யாரும் எடுக்கவே இல்லை. குறிப்பிட்ட வயதுப் பெண்கள் எல்லோரையும் முறைவைத்து அழைத்து மார்பக எக்ஸ்கதிர்ப் படமான மமோகிராமை எடுக்கும் திட்டம் இலங்கையில் கிடையாது. 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பைக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்திலிருந்து மாதிரி எடுப்பார்கள். அங்கும் வருகிறவர்களை மட்டுமே பார்க்க முடியும்.

ஒரு புற்றுநோய் தாமதமாகும் காலத்தை மூன்று துண்டாக வெட்டிப் பார்க்கலாம். படம் எடுக்கும்வரை ஒரு காலம், எடுத்த படத்தைப் படிக்கும்வரை ஒரு காலம், படித்தபின் சிகிச்சைக் கட்டிலுக்குப் போய்ச் சேரும்வரை ஒரு காலம். சுவீடனில் இயந்திரம் கைவைத்தது நடுத்துண்டில். தேயிலை மலைகளில் நாட்கள் கரைவது முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும். மலையகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு பயன்படுமா என்ற கேள்வியை, அந்த இரண்டு துண்டுகளில் எதை அது குறைக்கும் என்று மாற்றிக் கேட்டால்தான் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இயந்திரம் எப்படிக் கற்கிறது என்பதை நம் ஆட்களுக்கு விளக்குவது கடினமில்லை. புதிதாக மலைக்கு வரும் பிள்ளைக்குக் கொழுந்து பறிக்க யாரும் பாடப் புத்தகம் கொடுப்பதில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு என்று சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். முற்றின இலையைப் பறித்தால் கங்காணி ஏசுவார், நிறுவையில் கழிப்பார்கள். சில மாதத்தில் விரல் தானாகப் போகும். எந்த நிறம், எந்த மென்மை, எந்த வளைவு என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது, ஆனால் கை தப்பாது. கணினி நிரலுக்கும் இப்படித்தான் பழக்குகிறார்கள். நிபுணர்கள் இது நோய், இது நோயில்லை என்று அடையாளமிட்ட படங்களை ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள். நிரல் ஊகிக்கிறது, தப்பினால் தன் உள்கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறது, மறுபடி ஊகிக்கிறது. கடைசியில் புதுப்படம் ஒன்றைக் காட்டினால் சந்தேகத்துக்கு ஓர் எண் தருகிறது. அந்த எண் எவ்வளவுக்கு மேல் போனால் ஆளை அழைப்பது என்ற எல்லைக்கோட்டை மனிதர்தான் போடுகிறார்கள். கோட்டைக் கீழே இறக்கினால் நோய் தப்பாது, ஆனால் நோயில்லாதவர்களும் அகப்படுவார்கள். மேலே ஏற்றினால் வீண் அலைச்சல் குறையும், நோயாளிகள் சிலர் நழுவிப் போவார்கள். இந்தக் கோடு மலையகத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது பின்னால் வரப்போகும் பெரிய விஷயம்.

இதில் ஏமாந்த வரலாறும் உண்டு. மார்பகப் படத்தில் சந்தேகமான இடங்களைக் குறிகாட்டும் முதல் தலைமுறைக் கணினிக் கருவிக்கு அமெரிக்கா 1998 இலேயே அனுமதி கொடுத்தது. வைத்தியசாலைகள் வாங்கிக் குவித்தன. 2007 இல் 43 நிலையங்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தபோது, கருவியைப் பயன்படுத்திய இடங்களில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயொப்சிகள் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தன, புற்றுநோய் கண்டுபிடிப்பில் அதற்கு ஈடான லாபம் தெளிவாக இல்லை என்று தெரிந்தது. இன்றைய நிரல்கள் வேறு வகை, திறமும் வேறு. ஆனாலும் களத்தில் அளந்து பார்க்குமுன் விளம்பரத்தை நம்பிக் கருவி வாங்கக்கூடாது என்று அந்தப் பத்தாண்டு கற்றுக்கொடுத்தது.

இனி, மலையகத்தில் எந்தப் படம் என்ற கேள்வி. என் விடை: வாய்.

இலங்கையில் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் முதலிடம். ஆண்களிடம் வாயும் தொண்டையும் சேர்ந்த புற்றுநோய்கள் முதலிடம். தோட்டத்தில் வெற்றிலை போடுவது ஆண், பெண் இருவருக்கும் பொது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, மலையில் குளிரும் அட்டையும் கடிக்கும்போது இன்னொரு தடவை, பசியை ஏமாற்ற மற்றொன்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் ஒரு சின்னப் பையில் இடுப்பிலேயே இருக்கும். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயைத் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985 இல் தீர்ப்புச் சொன்னது. புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும், பாக்கு தனியாகவும் அப்படியே என்று 2004 இல் வெளியான அதன் தொகுதி சொல்கிறது. அந்த இரண்டாவது செய்தி தோட்டங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. “பொயல இல்லாமத்தான் போடுறேன்” என்று ஆறுதலாகச் சொல்லும் பெண்களை இன்றும் பார்க்கலாம்.

பாக்கு வாயில் செய்யும் வேலை மெதுவானது. அதிலுள்ள அரெகொலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார்த்திசுவைப் பெருக்குகிறது. தோல் வெளிறி, தடித்து, கயிறு முறுக்கினது போலாகிறது. முதல் அறிகுறி காரம் தாங்காமை. பிறகு வாய் சிறுகச் சிறுக மூடிக்கொள்கிறது. இதுவே வாய்நார் இறுக்க நோய். இதன் பக்கத்திலேயே வெண்படலமும் செம்படலமும் வரும். இவை எதுவும் இன்னும் புற்றுநோய் கிடையாது. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடியவை. கேரளத்தின் எர்ணாகுளத்தில் இந்த இறுக்க நோயாளிகளை 17 ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது 7.6 சதவீதத்தினருக்கு அது புற்றாக மாறியிருந்தது. மாறுவதற்கு அத்தனை ஆண்டு எடுக்கிறது என்பதில்தான் நம் வாய்ப்பு இருக்கிறது. நுரையீரலிலோ கணையத்திலோ ஒளிந்து வளரும் கட்டிக்கு இப்படி வெளிச்சத்தில் பத்தாண்டு நிற்கும் முன்னறிவிப்பு கிடையாது. வாயைத் திறந்து ஒரு டோர்ச் அடித்தால் போதும்.

என் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, குழம்பு ஆகாமல் போனது எனக்கு நினைவிருக்கிறது. வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவார். “வயசாச்சுல்ல, காரம் ஒத்துக்கல” என்பார். டிஸ்பென்சரியில் விற்றமின் குளிசை கொடுத்தார்கள். பல் விளக்கக் கோல் நுழையாமல் விரலால் விளக்கினார், கடைசியில் விரலும் ஒன்றுதான் நுழைந்தது. வீட்டில் யாருக்கும் அது ஒரு நோயின் பெயராகத் தெரியவில்லை. வாய்க்குள் புண் பெரிதாகி, கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன்பின் நடந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் குழம்பை ஒதுக்கிய நாளுக்கும் கட்டி தெரிந்த நாளுக்கும் இடையே குறைந்தது ஆறு ஆண்டு இருந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

அறிவு இல்லாததால் நேர்ந்த தாமதம் என்று இதைச் சொல்ல முடியாது. அறிவு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. தோட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே சில மணித்தியாலப் பயணம். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் வாய்ப்புற்றும் அதன் முன்நிலைகளும் எவ்வளவு என்று தனியே ஆராய்ந்த கட்டுரை 2007 இல் வெளியானது. பக்கத்துச் சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதைத் தாண்டியவர்களிடம் செய்து 2010 இல் வெளியிட்ட ஆய்வு, புற்றாக மாறக்கூடிய வாய் மாற்றங்கள் 11.3 சதவீதத்தினருக்கு இருப்பதாகக் கணித்தது. ஒன்பது பேருக்கு ஒருவர்.

அதற்கும் முந்தியது, என் மனதை விட்டு அகலாத ஆய்வு ஒன்று. பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அதை வெளியிட்டார்கள். ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குச் சிறிதுகாலப் பயிற்சி கொடுத்து, வீடுவீடாக 28,000 க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்க வைத்தார்கள். ஊழியர்கள் வியக்கத்தக்க அளவு சரியாகக் கண்டுபிடித்தார்கள். கணினியோ கைத்தொலைபேசியோ இல்லாத காலம். கண்ணும் வெளிச்சமும் போதுமாக இருந்தன. திட்டம் இடறியது வேறோர் இடத்தில். சந்தேகம் என்று அனுப்பப்பட்டவர்களில் பாதியளவினரே நிபுணரிடம் வந்து காட்டினார்கள். நாற்பது ஆண்டுக்கு முன்பே நம் நாட்டில், நம் மக்களிடம் அளந்து எழுதப்பட்ட விடை இது. கண்டுபிடிப்பது முடியும், கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பாதி இழப்பு.

கண்ணால் பார்ப்பதே உயிர் காக்குமா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 தொடங்கிப் பதின்மூன்று தொகுதிகளில் ஏறத்தாழ 190,000 பேரை வைத்து சங்கரநாராயணன் குழுவினர் செய்த ஆய்வின் முடிவை ‘லான்செட்’ இதழ் 2005 இல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வாயைப் பார்த்துவந்த பகுதிகளில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. மார்பகத்திலும் இதுபோல ஒரு சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மையத்தார் 151,538 பெண்களை இருபது ஆண்டு தொடர்ந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததிலேயே, 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மார்பகப் புற்று மரணம் முப்பது சதவீதமளவு குறைந்தது. மமோகிராம் இயந்திரம் வரும்வரை காத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இந்த ஆய்வைக் காட்ட வேண்டும். நிரூபணமான வழி ஒன்று கையில் இருப்பதால், மார்பின் வெப்பத்தைப் படம்பிடித்து நுண்ணறிவால் புற்றைச் சொல்கிறோம் என்று வரும் கருவிகளிடம் நிதானமாக இருக்கச் சொல்வேன். வலியில்லை, தொடவேண்டியதில்லை, தூக்கிக்கொண்டு போகலாம் என்பவையெல்லாம் தோட்டத்துக்கு ஏற்ற குணங்களே. ஆனால் வெப்பப்படம் மமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. ஏழைக்கு நிரூபணமாகாத கருவி போதும் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது.

இயந்திரம் இங்கே என்ன சேர்க்கும்? பெங்களூரில் பல் வைத்தியர்களும் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர்களும் சேர்ந்து கைத்தொலைபேசியில் பொருத்தும் கருவி ஒன்றைச் செய்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். அது சாதாரண வெளிச்சத்தில் ஒரு படமும், ஊதாநீல ஒளியைப் பாய்ச்சித் திசு தானாக ஒளிர்வதை இன்னொரு படமும் எடுக்கிறது. நோயுற்ற இடம் அந்த ஒளிர்வில் மங்கித் தெரியும். இரண்டு படத்தையும் நிரல் பார்க்கிறது. நிபுணரின் கணிப்போடு ஒப்பிட்டபோது சரியாகச் சொன்ன அளவுகள் 81 முதல் 95 சதவீதத்துக்குள் இருந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமானது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வேலை. பல் மருத்துவ பீடத்தாரும் பொறியியல் பீடத்தின் கணினித் துறையாரும் சேர்ந்து, 714 நோயாளிகளிடமிருந்து கைத்தொலைபேசிக் கமெராவால் எடுத்த 3000 வாய்ப் படங்களை நிபுணர்களின் அடையாளங்களோடு தொகுத்து 2024 இல் வெளியிட்டார்கள். பெரிய அறிவிப்பு இல்லாமல் நடந்த இந்தக் காரியத்தின் மதிப்பு அதிகம். வெளிநாட்டு வாய்களைப் பார்த்துப் பழகிய நிரலுக்கு நம் வாய் புரியாது. வெற்றிலைச் சாறு படிந்து சிவந்த கன்னம், சுண்ணாம்பு சுட்ட உதடு, கறைபிடித்த பல், வாய் பாதி திறந்த நிலையில் விழும் நிழல், இவையெல்லாம் சேர்ந்த படத்தில் நோயைப் பிரித்துப் பார்க்க அதற்கு நம் ஆட்களின் படங்களே வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2018 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், நெஞ்சுப் படத்தில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று நோயை விட்டுவிட்டு, படம் எந்த வைத்தியசாலையில் எடுத்தது என்பதைப் படித்து ஊகிப்பதைக் கண்டார்கள். நோய் அதிகமுள்ள வைத்தியசாலையின் படம் என்றால் நோய் என்று சொல்லிவிட்டது. தோலில் கருமச்சப் புற்றைப் பார்க்கும் நிரல் ஒன்று, வைத்தியர் பேனாவால் மச்சத்தைச் சுற்றிப் போட்ட கோட்டைப் பார்த்தே ஆபத்து என்றது 2019 இல் வெளிவந்தது. வாயில் இதற்குச் சமமான ஆபத்து வெற்றிலைக் கறை. பழகக் கொடுத்த படங்களில் நோயாளிகளின் வாயெல்லாம் சிவந்தும், நலமானவர்களின் வாயெல்லாம் சுத்தமாகவும் இருந்தால், நிரல் கறையைத்தான் நோய் என்று கற்கும். பிறகு தோட்டத்துக்கு வந்தால் வெற்றிலை போடுகிற எல்லோரையும் பேராதனைக்கு அனுப்பும். வெற்றிலை போட்டாலும் நோயில்லாத வாய்கள் தொகுப்பில் நிறைய இருக்க வேண்டும், படமெடுக்குமுன் வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும். எந்தக் கைத்தொலைபேசியில் எடுத்தாலும் விடை மாறக்கூடாது. ஹட்டனில் தேறியது இறக்குவானையிலும் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்க நோய் முற்றிய வாய்க்குள் கமெராவே நுழையாது. நாக்கின் அடிப்பகுதியும் கடைவாயின் பின்புறமும் படத்தில் விழாது. படத்தில் விழாத இடத்தைப் பற்றி நிரல் எதுவும் சொல்லவில்லை என்றால், அதை நலம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முன்பு சொன்ன எல்லைக்கோட்டுக்கு வருகிறேன். கணக்கு எளிது, ஒரு உதாரணமாகச் செய்து பார்ப்போம். நோயுள்ள நூறு பேரில் தொண்ணூறு பேரைப் பிடித்து, நோயில்லாத நூறு பேரில் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடும் இயந்திரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 பேரில் 10 பேருக்கு மட்டுமே உள்ள நோயைத் தேடினால், அது 9 பேரைச் சரியாகவும் 99 பேரை வீணாகவும் அழைக்கும். பன்னிரண்டு பேர் பயந்து அலைந்தால் ஒருவருக்கு நோய். ஆனால் சப்ரகமுவ ஆய்வு சொன்ன 11.3 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். 113 பேரில் 102 பேர் அகப்படுவார்கள், நோயில்லாத 887 பேரில் 89 பேர் வீணாக அழைக்கப்படுவார்கள். அழைக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் உண்மையாகவே வைத்தியர் பார்க்க வேண்டியவர்கள். இயந்திரம் அதேதான், தேடும் இடம் மாறியதும் அதன் சொல்லுக்கு மதிப்பு கூடிவிடுகிறது. முப்பது வயதைத் தாண்டிய, வெற்றிலை போடும் தோட்டத் தொழிலாளர் என்று வட்டத்தைக் குறுக்கினால் இன்னும் கூடும். மலையகத்தில் நுண்ணறிவுக் கமெரா முதலில் வாயைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

வீணாக அழைக்கப்படும் அந்த 89 பேரை ஒரு புள்ளியாகக் கடந்துபோக நான் தயாரில்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. குறிப்பிட்ட கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். பேராதனைக்குப் போய்வர ஒருநாள், பயொப்சிக்கு ஒருநாள், முடிவு கேட்க ஒருநாள் என்று மூன்று நாள் பேர் போய்விடும். வாசிக்கத் தெரியாத அம்மாவுடன் மகளோ மகனோ துணைக்குப் போனால் ஆறு. பஸ் காசு, கடைச் சாப்பாடு தனி. இலவச வைத்தியம் உள்ள நாட்டில் இதுதான் வைத்தியத்தின் விலை. கையில் கொடுத்த துண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். எந்த அறை, எந்தக் கிழமை என்று கேட்கத் தயங்கித் திரும்பி வந்தவர்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். புற்று உறுதியாகி மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஹட்டனிலிருந்து ஏ7 வீதியில் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று நூறு கிலோமீற்றருக்கும் மேல் இறங்க வேண்டும். கதிர்ச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில். 2025 நவம்பரில் டித்வா புயல் மண்ணைச் சரித்து வீதியையும் மலையக ரயில் பாதையையும் வெட்டியபோது, அடுத்த கிளினிக் திகதி எழுதிய கொப்பியோடு லயத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1984 ஆய்வில் வராமல் போன பாதிப் பேரை அசட்டையானவர்கள் என்று சொல்ல எனக்கு நா வராது.

இயந்திரத்தால் குறைக்கக்கூடிய தூரம் இங்கேதான் இருக்கிறது. பேராதனைக்கு ஆளுக்குப் பதில் படம் போகலாம். தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரோ வைத்திய உதவியாளரோ பெரட்டுக் களத்திலோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் வாசலிலோ படமெடுக்கிறார். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் வேலைசெய்யும்படி நிரல் தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. அது சந்தேகம் என்று சொன்ன படங்கள் மட்டும் மாலையில் பல் மருத்துவ பீடத்து நிபுணரிடம் போகின்றன. அவர் பார்த்து, வீணானவற்றைத் தள்ளி, மிச்சப் பேருக்குத் திகதியும் அறை எண்ணும் தமிழில் எழுதி அனுப்புகிறார். இப்படியானால் அந்த 89 பேரில் பெரும்பாலோர் ஒருநாள் பேரையும் இழக்க மாட்டார்கள். பயொப்சி எடுக்கும் வைத்தியர் மாதம் ஒருமுறை மலைக்கு ஏறி வரலாம். இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் திறந்த, 150 கட்டில் கொண்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. சதைத்துணுக்கு எடுக்க அங்கே ஓர் அறை போதும், துணுக்கு பேராதனைக்குப் பயணம் செய்யட்டும். தோட்ட நிர்வாகம் அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். கடைசியாகச் சொன்னது எந்த நிரலிலும் எழுத முடியாத வரி, ஆனால் திட்டம் பலிப்பதும் படுத்துவிடுவதும் அதைப் பொறுத்தது.

மற்றப் படங்களைப் பற்றிச் சுருக்கமாக. கருப்பைக் கழுத்தைக் கமெராவால் படமெடுத்து நிரலால் படிப்பது 2019 இல் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. பிறகு கமெரா மாறினால் விடையும் மாறும் சிக்கல் வெளிவந்தது. அங்கே, அந்தப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை வலுவான வழி. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் 2017 முதல் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடப்படுகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயை நிரலால் படித்துக் காசநோயைத் தேடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்தது. நெருக்கமான லயக் காம்பராக்களில் அது பயன்படும், போகிற போக்கில் நுரையீரல் கட்டியும் கண்ணில் படலாம். மமோகிராம் உள்ள மாவட்ட வைத்தியசாலைகளில், நிபுணர் தட்டுப்பாடான நாட்களில் எந்தப் படத்தை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த சுவீடன் முறை உதவும். இவை எல்லாம் வேண்டியவையே. இருந்தாலும் அப்பாயிகளின் வாயை விட்டுவிட்டு இவற்றிலிருந்து தொடங்கினால் அது மலையகத்தைப் பார்த்துச் செய்த திட்டமாக இருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள் மனதில் நிற்கின்றன. போலந்தில் பெருங்குடலைக் கமெராவால் பார்க்கும் வைத்தியர்கள் நுண்ணறிவின் துணைக்குப் பழகியபின், துணையில்லாமல் பார்த்த பரிசோதனைகளில் அவர்கள் கட்டி கண்டுபிடித்த அளவு 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியது என்று 2025 இல் வெளியான ஆய்வு சொன்னது. 1984 ஆய்வில் நம் ஊழியர்கள் வெறுங்கண்ணால் கண்டுபிடித்த திறமையைத் தொலைபேசி தின்றுவிடக்கூடாது. முதலில் ஊழியர் பார்த்துத் தன் கணிப்பை எழுதட்டும், பிறகு நிரலைக் கேட்கட்டும். பற்றரி தீர்ந்த நாளிலும் அவர் கண் வேலை செய்யும்.

மற்றது படங்களின் உரிமை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இலங்கை 2022 இல் நிறைவேற்றியது. ஒருவரின் வாய்ப்படம் அவருடைய உடலின் பகுதி. துரையின் ஆபிஸில் கைநாட்டு வாங்கிப் பழகிய இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். என்ன எடுக்கிறார்கள், எங்கே போகிறது, வேண்டாமென்றால் வேலைக்கு ஏதும் வருமா என்பதைத் தமிழில் வாயால் சொல்லி, கேள்வி கேட்க நேரம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மலையக மக்களின் வாய்களால் பழகிய நிரல் நாளை விற்பனைக்குப் போனால், அதன் பயன் முதலில் அந்த மலைகளுக்கே திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முன்நிலையிலேயே கண்டால் சிகிச்சையின் பெரும்பகுதி வெற்றிலைப் பையைக் கீழே வைப்பது. வெண்படலம் சில பேருக்கு அதோடு மறைந்தே போகும். இறுக்க நோய் பழையபடி தளராது, ஆனால் பாக்கை விட்டால் மேலும் இறுகும் வேகத்தைக் குறைக்கலாம். குளிரில் பசியோடு ஏழெட்டு மணித்தியாலம் நிற்கும் உடம்பிடம் அந்தப் பையைக் கேட்கும்போது, பதிலுக்குச் சூடான தேநீரும் சாப்பாட்டு நேரமும் கொடுக்க யாராவது இருக்க வேண்டும்.

திட்டம் வந்தால் அதன் வெற்றியை எத்தனை படம் எடுத்தோம், எத்தனை சதவீதம் சரி என்று மட்டும் எழுதாமல், படமெடுத்த நாளுக்கும் பயொப்சி முடிவு கைக்குக் கிடைத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று தோட்டம்தோட்டமாக எழுதச் சொல்வேன். அழைத்தும் வராதவர்களின் வீட்டுக்கு யார் போனார்கள் என்று பக்கத்திலேயே ஒரு பத்தி வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, நெட்டுக்கு நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே வைத்துப் பார்ப்பது. நலமான வாய் தன்னுடைய மூன்று விரலுக்கு இடம் கொடுக்கும். இரண்டுதான் போகிறது என்றால், காரமும் எரிகிறது என்றால், அந்த ஆளின் பெயரை முதலில் எழுத வேண்டும். பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட வரும் ஒவ்வொரு அம்மாவிடமும், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்க அரை நிமிடம் போதும். “அக்கா, மூணு விரல் வச்சுக் காட்டுங்க.”